மீன் கொட்டகையில் இரண்டு பெண் பிள்ளைகள்

ரெங்கம் ஸ்டேஷனுக்குப் பிச்சை பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தான். கருநீலத்தில் மஞ்சள் பூப்போட்ட பாவாடை. அது அவனுடைய அக்காவுடையது என்பதால் நீளம் கூடி, இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்து வாழைநாரால் கட்டியிருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, பின்னல்களின் நுனியில் கிழிந்த புடவைக் கரையை நாடாவாக முடிந்திருந்தார்கள். அவனுக்கு வயது ஆறு. பக்கத்தில் நின்ற அக்கா செல்லத்துக்குப் பத்து. கையில் ஒரு துணி மூட்டையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேள் பார்க்கலாம் என்பதுபோல. நான் கேட்கவில்லை. அவனுடைய கால்சட்டை துவைத்துக் காயாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலேஜில் மூன்று வருஷம் படித்தவனுக்கு எட்டக்கூடிய விளக்கம் அதுதான்.

பிச்சைக்கு இவ்வளவு நீளமான முடி வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஐயாசாமிக்கும் வெள்ளையம்மாவுக்கும் செல்லம் பிறந்த பிறகு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் ஒரு வருஷம் தாங்கவில்லை. மூன்றாவதாக வந்தவனை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று, யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போகாதபடிக்குப் பிச்சை என்று பேர் வைத்தார்கள். பெண் குழந்தை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மூக்கு குத்தினார்கள். ஊருக்குத் திரும்பிப் போய்க் கருப்பன் கோயிலில் முடி இறக்கும் வரைக்கும் தலையில் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டார்கள். இந்த ஏமாற்று வேலை ஆறு வருஷம் பலித்தது. சாவு பிச்சையை அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டு, சித்திரையில் ஐயாசாமியையும், இருபது நாள் கழித்து வெள்ளையம்மாவையும் கொண்டுபோனது. இரண்டும் காய்ச்சல்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தமது புத்தகத்தில் முதல் சாவுக்கு ஒரு வரி எழுதினார். இரண்டாவதற்கு ‘மேற்படி’ என்று எழுதினார்.

அது ரப்பர் விலை விழுந்த வருஷம். தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடப்படுகிறவர்களை அனுப்பலாம், அல்லது வைத்துக்கொள்ளலாம். பேர் இல்லாத இரண்டு பிள்ளைகளை என்ன செய்வது என்று துரையின் உத்தரவில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உத்தரவில் இல்லாத விஷயங்களுக்காகத்தான் என் தகப்பனார் இருந்தார். தோட்டத்துக் கணக்கு எழுதும் அமலதாஸ் கிராணி என்றால் ரெங்கம் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஐயாசாமியின் சித்தப்பா மகன் வேலு குடும்பத்தோடு ஊருக்குப் போகும் பட்டியலில் இருந்தான். அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போக அவன் ஒப்புக்கொண்டான். பெண்ணைக் கூட்டிப்போக மாட்டேன் என்றான். அவனுக்கே மூன்று பெண்கள். ஜொகூர் பாருவில் இருந்த கன்னியர் மடத்துக்கு அப்பா எழுதிப் போட்டார். பெண் என்றால் எடுத்துக்கொள்கிறோம், ஆண்பிள்ளை கூடாது என்று பதில் வந்தது. இரண்டு பிள்ளைகள், இரண்டு இடங்கள். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

பிரிப்பதில்தான் சிக்கல். காளியப்பன் கங்காணி ஒருநாள் பிச்சையை வேலுவின் லயத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். செல்லம் அவருடைய கட்டைவிரலைக் கடித்ததில் நகம் கழன்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் விடவே இல்லை. தூங்கும்போதுகூட. அந்தச் சமயத்தில் நான் வீட்டில் சும்மா இருந்தேன். காலேஜ் பத்திரிகையில் பிரின்சிபாலின் நாய் மறைந்ததற்கு ஓர் இரங்கற்பா எழுதியதற்காக என்னை ஒரு டேர்ம் வெளியே அனுப்பியிருந்தார்கள். நாய் உயிரோடு இருந்தது என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே குறை. ஜொகூர் பாருவில் கடற்கரை ஓரமாக ஒரு கம்பெனிக்காரன் கொட்டகை போட்டு, நாற்பது கண்ணாடித் தொட்டிகளில் கடல் மீனெல்லாம் காட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். “மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கையைக் கழற்றி வேறு ஒருவர் கையில் கொடுத்தால் அதற்குத் தெரியாது” என்று அப்பாவிடம் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அதுவரை என்னுடைய ஒரு யோசனையைக்கூட ஏற்றுக்கொண்டிராத அப்பா இதை அந்த நிமிஷமே ஏற்றுக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரயில் கூலாய் ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு செல்லம் வாயைத் திறந்தாள்.

“சின்னக் கிராணி, மடத்துல பொம்பளப் புள்ளைங்கள மட்டுந்தான் எடுப்பாங்களா?”

“எந்த மடத்துல?” என்றேன்.

“கங்காணி வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல சுவரு பாதிதான் இருக்கு. மேல தொறந்து கெடக்கு. எல்லாம் கேட்டுச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “மீன் கொட்டாயில வெச்சுப் பிரிச்சிடலாம்னு சொன்னது நீங்கதானாமே.”

ஜன்னலுக்கு வெளியே மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்ப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

செல்லம் தம்பியின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். “ஒம் பேரு என்ன?”

“பிச்சையம்மா.”

“எனக்கு நீ என்ன வேணும்?”

“தங்கச்சி.”

“ஒக்காரு பாப்போம்.”

பிச்சை பாவாடையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு, கால்களைச் சேர்த்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்தான். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் இருக்கும் எந்தப் பெண் குழந்தையும் அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் யோசனை காதில் விழுந்ததிலிருந்து பத்து நாளாகப் பழக்கியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சாவை ஏமாற்றுவதற்காக வளர்த்த முடியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஒரு மடத்தையே ஏமாற்றக் கிளம்பியிருக்கிறாள். காலேஜில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மூன்று வருஷமாகச் செய்த குறும்பெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

“உள்ள போன பிறகு தெரிஞ்சிடுமே” என்றேன்.

“தெரியட்டும். இன்னிக்கு அந்தியில சித்தப்பா ரயிலு. வெடிஞ்சா கப்பலு. கப்பலு போனப்புறம் தெரிஞ்சா அத யாருகிட்ட அனுப்புவாங்க?”

அந்த இடத்தில்தான் நான் அவள் கட்சியில் சேர்ந்தேன். இரக்கத்தால் சேர்ந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஜோடிப்பு அழகாக இருந்தது, அதனால் சேர்ந்தேன். ஜொகூர் பாரு ஸ்டேஷனில் இறங்கியதும், மடத்துக்கு அப்பா கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கிழித்துவிட்டு, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். ஒரு பெண் பிள்ளை இரண்டு பெண் பிள்ளைகளாகப் பெருகினாள். கீழே அப்பாவின் கையெழுத்து. அதை நான் நாலாம் வகுப்பிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகைக்கு வெளியே ருக்னுதீன் என்பவர் சர்பத் கடை வைத்திருந்தார். ரோஜாக் கலரில் சர்பத், மரத்தூளில் புதைத்து வைத்த ஐஸ் கட்டி. எங்களைப் பார்த்ததும், “வாங்க தம்பி, வெயில் கொல்லுதுல்லா. ரெண்டும் பொம்பளப் புள்ளையா? மாஷா அல்லா, சின்னதுக்கு என்ன முடி!” என்றார். செல்லம் என்னைப் பார்த்தாள். முதல் பரீட்சை தேறியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இருவருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன். பிச்சை ஐஸை வாயிலிருந்து எடுத்துப் பார்த்து, “அக்கா, சுடுது” என்றான். பெண் குரல்கூட வந்துவிட்டது. அவனுக்கு இன்னொரு டம்ளர் கொடுக்கச் சொன்னேன். ருக்னுதீன் தம் பங்குக்கு மூன்றாவதாக ஒன்றை நிறைத்து, “குடிம்மா, ஒம் முடிக்காகத்தான்” என்று நீட்டினார். செல்லம் தன் டம்ளரில் வாய் வைக்கவில்லை. பாதியைத் தம்பிக்கு ஊற்றினாள்.

கொட்டகை பெரியது. ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியாத நீளம். கூரை தகரம், சுவர் தார் பூசிய கித்தான். உள்ளே இருட்டாக வைத்திருந்தார்கள், தொட்டிகளின் மேல் மட்டும் விளக்கு. இருபது அடி தள்ளிக் கடல் சும்மா கிடந்தது. அதிலிருந்து ஓர் இயந்திரம் தண்ணீரை இழுத்துத் தொட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்கள் கடலைப் பார்க்க முண்டியடித்தார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் நாலு பாஷையில் பலகை. மற்ற மூன்றிலும் நீளமாக என்னென்னவோ எழுதியிருந்தது. தமிழில் மட்டும் எல்லாத் தொட்டியிலும் ‘மீன்’ என்று எழுதியிருந்தது. ஆமைத் தொட்டியிலும் மீன்தான். சில தொட்டிகளில் மீன்கள் வெள்ளை வயிறு மேலாக மிதந்தன. நீண்ட கழியில் வலை கட்டிய ஓர் ஆள், யாரும் பார்க்காதபோது அவற்றை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு, அடுத்த தொட்டிக்கு நகர்ந்துகொண்டிருந்தான்.

பிச்சை முதல் தொட்டியின் முன்னால் நின்றான். நகரவில்லை. சிவப்பு மீன்கள் நாற்பது ஐம்பது இருக்கும், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“இதுங்களுக்குக் கொய்னா குடுத்தாச்சா?”

தோட்டத்தில் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, காய்ச்சல் வராமலிருக்க டிரெஸ்ஸர் கொய்னா தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார். துப்பினால் அடி. மீன்கள் வரிசையில் நிற்கின்றன என்று நினைத்துவிட்டான். “குடுத்தாச்சு” என்றேன். “துப்பல பாத்தீங்களா” என்றான், மரியாதையோடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் நின்று அவனும் ஒருமுறை வாயைத் திறந்து மூடினான். கடைசித் தொட்டியில் கெராப்பு என்கிற பெரிய மீன் ஒன்று இருந்தது. ஓர் ஆள் நீளம். தொட்டியும் ஏறக்குறைய ஓர் ஆள் நீளம்தான். அதனால் திரும்ப முடியாமல், கண்ணாடியை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. பிச்சை இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்து நின்றுவிட்டான். கொட்டகைக்குள் அக்காவின் கையை அவன் விட்டது அதுதான் முதல் தடவை. என் யோசனை வேலை செய்தது.

செல்லம் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு, செல்லத்தைக் கூட்டிப்போக மடத்திலிருந்து வினிஃப்ரெட் டீச்சர் வந்தார். மடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. வெள்ளைப் புடவை, குடை, ஆண்கள் போடுவதுபோல் கறுப்புச் செருப்பு. முப்பது வயது இருக்கும். கெடுபிடியான ஒரு கிழவியை எதிர்பார்த்திருந்தேன். இவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். கடிதத்தை ஆமைத் தொட்டியின் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“ரெண்டா? அமலதாஸ் சார் போன கடுதாசில ஒண்ணுன்னுதானே எழுதியிருந்தார்?”

“எழுதும்போது ஒண்ணுதான் டீச்சர். அப்புறம் எண்ணிப் பாத்தோம்.”

டீச்சர் சிரித்துவிட்டார். செல்லத்தின் கன்னத்தைத் தொட்டார். குனிந்து பிச்சையின் பேரைக் கேட்டார். அவன் மீனை விட்டுக் கண்ணை எடுக்காமல், “பிச்சையம்மா. தங்கச்சி” என்று கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். டீச்சர் அவன் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினார்.

“அடேயப்பா. இத வெட்டறதுக்குத்தான் மனசு வராது. என்ன செய்யறது, மடத்துல சேந்த அன்னிக்கே எல்லாருக்கும் ஒட்ட வெட்டிடுவோம். பேனு. நீ அழக் கூடாது, ஆமா.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. செல்லமும் எதிர்பார்க்கவில்லை என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி எந்தப் புளியமரத்தடியிலோ கையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் கருப்பனுக்குச் சொன்ன வார்த்தை. அம்மாவும் அப்பாவும் சொன்னது. அதை மீறினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. யாரோடோ பேசுகிறாள், அவர் சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்பதுபோல் இருந்தது.

“எப்ப வெட்டுவீங்க?” என்று கேட்டாள்.

“இன்னிக்கே. குளிக்கறதுக்கு முன்னாடி.”

“வெட்டிக்கங்க” என்றாள். உடனே, “ஆனா நாந்தான் குளிப்பாட்டுவேன் டீச்சர். அது வேற யாருகிட்டயும் குளிக்காது” என்றாள்.

“சரிடா கண்ணு. எனக்கும் ஒரு வேல மிச்சம்.”

முடிந்துவிட்டது. நாலு மணிக்குப் பிச்சையைக் கூட்டிப்போக வேலு வருவான். இரண்டையும் மடத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால், ஒரு வாய் குறைந்ததென்று முகத்தில் காட்டிக்கொள்ளாமல் போய்விடுவான். காலேஜுக்குத் திரும்பியதும் இதை எப்படி எழுதலாம் என்று மனசுக்குள் முதல் வரியைக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் பிச்சை கெராப்புத் தொட்டியிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

தொட்டிகளின் அடியில் வழிகிற தண்ணீர் ஓடுவதற்கு ஒரு சின்னக் கான் வெட்டியிருந்தார்கள். லயத்துக்கு முன்னாலும் இப்படித்தான் கான் ஓடும். பிச்சை அதன் ஓரத்தில் நின்று, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கி, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீனின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், நின்றபடியே ஒன்றுக்குப் போனான். நீண்ட நேரம் போனான். மூன்றரை டம்ளர் சர்பத்.

டீச்சர் அப்போது குடையை மடித்துக்கொண்டிருந்தார். பார்த்திருக்கவே மாட்டார். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மலாய்க்கார அம்மாள், “அலமாக்!” என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் திரும்பிப் பார்த்தார்.

செல்லம் ஓடிப்போய்ப் பாவாடையை இழுத்துவிட்டாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“எத்தன வாட்டி சொன்னேன். குந்திக்கிட்டுப் போவணும்னு எத்தன வாட்டி சொன்னேன்.”

“மீனு பாத்தேனா, மறந்துட்டேன்க்கா.”

“லியோனார்ட், கொஞ்சம் வெளிய வாங்க” என்று, கடிதத்தில் படித்த என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. செல்லம் தம்பியின் தோளைப் பிடித்துப் பழையபடி தொட்டியின் முன்னால் நிறுத்தினாள். “நான் டீச்சர்கூடப் பேசிட்டு வரேன். எனக்கு எடம் புடிச்சு வை. யாரையும் நிக்க விடாத” என்று சொல்லிவிட்டு எங்கள் பின்னால் வந்தாள்.

வெளியே கண்ணைக் கூசும் வெயில். கடல் சுவரின் ஓரத்தில் ஒரு ரிக்ஷாக்காரன் டீச்சருக்காகக் காத்திருந்தான்.

“இது உங்க வேலையா?” என்று டீச்சர் கேட்டார்.

“நான் அப்புறமா சேந்துகிட்டேன்.”

“வேடிக்கையா இருந்துச்சா?”

நான் குனிந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

“டீச்சர்” என்றாள் செல்லம். “அது ராத்திரிக்கு மட்டும் எங்கூட படுத்துக்கும். பகல்ல எங்கனாச்சும் மூலைல இருந்துக்கும். சோறு என்னுதுல பாதி. நான் கொஞ்சமாத்தான் திம்பேன்.”

டீச்சர் அவள் பக்கம் குனிந்தார். “பாக்காம இருந்திருந்தா பாக்கலன்னு இருந்திருப்பேன்டா. பாத்துட்டேனே. மதர் கேட்டா என்ன சொல்லுவேன்? என்ன ரெண்டு வயசுல அந்த வாசல்ல விட்டுட்டுப் போனாங்க. அங்கேர்ந்து அனுப்பிட்டா எனக்குப் போறதுக்கு எடம் கெடையாது.”

“ரெண்டு நாள் மட்டும்” என்றேன் நான். “கப்பல் போன பிறகு தெரிஞ்சதா வெச்சுக்கலாமே டீச்சர். அப்புறம் என்ன பண்ண முடியும்?”

“என்ன பண்ணுவாங்களா? பினாங்குல ஆம்பளப் புள்ளைங்க விடுதி இருக்கு. அங்க அனுப்புவாங்க. அப்பவும் பிரிக்கறதுதான். அங்க சித்தப்பன்கூட இருக்க மாட்டான்.” என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “இத நீங்க யோசிக்கலயா? காலேஜ்ல படிக்கிறீங்க.”

யோசிக்கவில்லை. செல்லம் பத்து நாள் யோசித்ததில் அவளுக்கு எட்டாத இடம் அது. எட்டியிருக்க வேண்டியவன் நான். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பினாங்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் என்றார் டீச்சர். செல்லம் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தாள்.

வேலு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். தலைப்பாகை புதிது, தோளில் துண்டு. தோட்டத்து ரப்பர் நாற்றம் போகக் குளித்திருந்தான். “பய எங்க, சின்னக் கிராணி ஐயா? பொண்டாட்டி புள்ளைங்கள ஸ்டேஷன்ல குந்த வெச்சிட்டு வந்திருக்கேன்” என்றான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “எவன் அவனுக்குப் பாவாட கட்டினது?” என்று சிரித்தான். யாரும் சிரிக்காததைக் கண்டு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

செல்லம் தரையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு காக்கிக் கால்சட்டையும் சட்டையும் மடித்து வைத்திருந்தாள். துவைத்து, நன்றாகக் காய்ந்த துணி. அதை எடுத்து வேலுவிடம் நீட்டினாள்.

“சித்தப்பா, எடது காதுல சீழு வரும். தண்ணி படாம பாத்துக்கணும். கொய்னா குடுத்தா மூக்கப் புடிச்சிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் முழுங்கும். கப்பல்ல ஓரத்துல படுக்க வெக்காதீங்க, தூக்கத்துல உருளும்.”

“சரி புள்ள.”

“முடி வெட்டல. கருப்பன் கோயில்லயே எறக்கிடுங்க. அம்மா மடி இல்ல, சின்னம்மா மடில வெச்சு எறக்குங்க. ஊரு பேரு அதுக்குத் தெரியாது. சொல்லிக் குடுத்துடுங்க. என் பேரும் மறந்துடும், சின்னப் புள்ளைல்ல. அதயும் அப்பப்பச் சொல்லுங்க.”

வேலு தலையாட்டினான். கால்சட்டையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“போய் ஒருவாட்டி பாத்துச் சொல்லிட்டு வாடா” என்றார் டீச்சர்.

“போனா வர மாட்டேன் டீச்சர்” என்றாள் செல்லம். மிரட்டலாகச் சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தெரிந்த ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள். காலி மூட்டைத் துணியை உதறி, நாலாக மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, டீச்சருக்கு முன்னால் நடந்து போய் ரிக்ஷாவில் ஏறினாள். அதற்கு முன்னால் அவள் ரிக்ஷாவில் ஏறியிருக்க நியாயமில்லை. இருக்கையின் நடுவில் உட்கார்ந்துவிட்டு, டீச்சர் வந்ததும் ஓரத்துக்கு நகர்ந்தாள். வண்டி திரும்பும்போது என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கடல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு போனாள்.

“நீங்க போய்க் கூட்டியாங்க ஐயா” என்றான் வேலு. “நான் போனா அழுவான். மீனு பாக்கறப்பவே கையப் புடிச்சிட்டா தெரியாதுன்னு கங்காணி சொன்னாரு.”

நான் உள்ளே போனேன். ஆபீஸ் விடும் நேரம். கூட்டம் கூடியிருந்தது. கெராப்புத் தொட்டியின் முன்னால் மூன்று வரிசை ஜனம். அவர்களை விலக்கிக்கொண்டு போனபோது, பிச்சை கண்ணாடியை ஒட்டி நின்றிருந்தான். பாவாடையின் ஒரு பக்கத்தைக் கையால் பிடித்து அகல விரித்து, வலது காலை எட்டும் மட்டும் நீட்டி, தன் பக்கத்தில் ஒரு துண்டு இடத்தைக் காத்துக்கொண்டிருந்தான். சீனச் சிறுவன் ஒருவன் அதில் நுழையப் பார்த்தான். பிச்சை அவனை முழங்கையால் தள்ளினான். “நிக்காத. எங்கக்கா வருது” என்றான். அந்தப் பையனுக்கு என்ன புரிந்ததோ, விலகிக்கொண்டான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “சின்னக் கிராணி, நீங்க இங்க வராதீங்க. அந்தப் பக்கம் நில்லுங்க. இது அக்காவுக்கு” என்றான். பிறகு அடங்கிய குரலில், “இந்த மீனு கண்ண மூடவே இல்ல. இவ்ளோ நேரமா நானுந்தான் பாக்கறேன்” என்றான்.

வாசலில் வெளிச்சத்துக்கு எதிரில் வேலு கால்சட்டையோடு நிற்பது தெரிந்தது. வலைக்காரன் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் போனான். தண்ணீர் தளும்பி என் செருப்பில் விழுந்தது. நான் அவன் சொன்ன பக்கத்தில் போய் நின்றேன். பின்னாலிருந்து ஜனங்கள் நெருக்கினார்கள். காலை அகற்றி ஊன்றி, ஒரு கையைக் கண்ணாடியில் கொடுத்து, முதுகால் அவர்களைத் தாங்கிக்கொண்டேன். எனக்கும் அவனுக்கும் நடுவில், ஒரு பிள்ளை நின்று பார்க்கும் அளவுக்கு, இடம் காலியாக இருந்தது.